விலையை எழுத வேண்டியவர் யார்? ஒன்லைன் கடைகளில் மாறும் தொகையும் மறந்துபோகும் சரிபார்ப்பும்

மருதமுனையில் கைத்தறி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், கொழும்புக்கும் கண்டிக்கும் பார்சல் அனுப்பி வந்த தனது தொழிலை இணையத்துக்கும் கொண்டு வந்தார். இணையத்தளத்தை அமைத்துக் கொடுத்தவர் கணினி படிக்கும் அவரது தங்கையின் மகன். படங்கள் அழகாக இருந்தன. கடனட்டையில் பணம் செலுத்தும் வசதியும் இருந்தது. பெருநாள் நெருங்க நெருங்க ஓர்டர்களும் கூடின.

ஒரு நாள் இரண்டு சாரிகளுக்கும் நான்கு சாரன்களுக்கும் ஓர்டர் வந்தது. சாரி ஒன்று 8,500 ரூபா, சாரன் ஒன்று 2,400 ரூபா. கூரியர் கட்டணம் 650 ரூபாவையும் சேர்த்து மொத்தம் 27,250 ரூபா. "கொடுப்பனவு வெற்றி" என்று ஈமெயில் வந்தது. அன்றைக்கே பார்சல் போனது. மாத முடிவில் வங்கிக்கு வந்த பணத்தையும் ஓர்டர் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவருக்குத் தலை சுற்றியது. அந்த ஓர்டருக்கு வந்திருந்த தொகை 272 ரூபா 50 சதம்!

புள்ளி இடம் மாறிவிட்டது போலும் என்று நினைத்து, பணத்தை வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "நீங்கள் எங்களிடம் கேட்ட தொகையே 272 ரூபா 50 சதம்தான். அதை வாங்கித் தந்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. மேலும் தேடியபோது அதே மாதிரி இன்னும் இரண்டு ஓர்டர்கள் அகப்பட்டன. மூன்றிலும் சேர்த்து 70,000 ரூபாவுக்கும் மேல் நட்டம். மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "மாமா, முத்திரையெல்லாம் நான் சரியாத்தானே போட்டிருக்கன்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. முத்திரை இருந்தது. ஆனால் பிழை வேறோர் இடத்தில் இருந்தது.

ஊர் சொல்லலாம், பேர் வேண்டாம், மற்றவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எழுதுங்கள் என்று அந்தச் சகோதரர் கேட்டுக்கொண்டதன் பேரில் இவ்விடயத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம். கணினி தெரியாத கடைக்காரருக்கும் விளங்க வேண்டும் என்பதே நமது நோக்கம்.

நிலையான தொகையும் மாறும் தொகையும்

தேன் போத்தல் ஒன்றை மட்டும் விற்கிறீர்கள், விலை 2,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பணம் செலுத்தும் பொத்தானை ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும். யார் அழுத்தினாலும் தொகை 2,500 ரூபாதான். இது நிலையான தொகை.

ஆனால் பெரும்பாலான கடைகளில் நிலைமை அப்படி இல்லை. ஒருவர் இரண்டு பொருள் வாங்குவார், மற்றவர் பத்து வாங்குவார். அபாயாவின் நீளத்துக்கேற்ப விலை மாறும். நிறைக்கேற்பவும் தூரத்துக்கேற்பவும் கூரியர் கட்டணம் மாறும். பெருநாள் கழிவு கொடுப்போம். முற்பணம் கட்டியவருக்கு மீதியை மாத்திரம் அறவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு தொகை வரும்போது, ஒரே பொத்தானுக்கு அந்தந்த நேரத்துக்குரிய தொகையை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுவே மாறும் தொகை. தொகையைச் சொல்லிக்கொடுப்பது யார், எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் பிரச்சினையே இருக்கிறது.

பொத்தானை அழுத்தும்போது நடப்பது என்ன?

பொத்தான் என்பது வெளித்தோற்றம் மாத்திரமே. அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. கடையின் வர்த்தகர் இலக்கம், ஓர்டர் இலக்கம், பொருளின் பெயர், நாணயம், தொகை, பணம் செலுத்திய பின் திரும்பி வரவேண்டிய முகவரி என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் வாடிக்கையாளரின் பிரவுசர் இந்தத் துண்டை எடுத்துச் சென்று பேமன்ட் கேட்வே எனப்படும் கொடுப்பனவு நிறுவனத்திடம் கொடுக்கிறது. அந்நிறுவனம் துண்டிலுள்ள தொகையை வாசித்து, அட்டை இலக்கத்தைக் கேட்டு, வங்கியிடமிருந்து பணத்தைப் பெறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்தத் துண்டு நமது கடையிலிருந்து நேராகக் கேட்வேக்குப் போவதில்லை. வாடிக்கையாளரின் கையினூடாகப் போகிறது. பக்கம் அவருடைய கணினியில் திறந்திருக்கிறது. அதில் மறைத்து வைக்கப்பட்டுள்ள கட்டங்களை எந்தப் பிரவுசரிலும் உள்ள சாதாரண வசதியைக் கொண்டு பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். இதற்குப் பெரிய கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

கடையில் நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனையாளர் பில்லைப் பென்சிலால் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்து, "இதைக் காசாளரிடம் கொடுங்கள்" என்கிறார். வாடிக்கையாளர் வழியில் நின்று 27,250 என்பதை அழித்து 272.50 என்று எழுதுகிறார். காசாளர் தாளில் உள்ளதை வாங்கிக்கொண்டு "பணம் செலுத்தப்பட்டது" என்று முத்திரை குத்துகிறார். பொருள் கொடுப்பவர் அந்த முத்திரையை மாத்திரம் பார்த்துவிட்டுப் பார்சலைக் கொடுத்துவிடுகிறார். நேர்மையான நூறு வாடிக்கையாளர் வந்த இடத்தில் நேர்மையற்ற ஒருவர் வந்தாலும் கடைக்கு நட்டந்தான்.

இது புதிய நோயல்ல

இணைய வர்த்தகம் ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்தக் குறை இருந்து வருகிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதுபற்றி எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அக்காலத்தில் புழக்கத்தில் இருந்த 11 ஒன்லைன் கடை மென்பொருட்களில் விலையை வாடிக்கையாளரே மாற்றிவிடக்கூடிய குறை இருப்பதாக அது சுட்டிக்காட்டியது. மறைத்து வைத்த கட்டத்தில் விலையை எழுதி அனுப்பியதே அதற்குக் காரணம். கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அதே பிழை புதிய இணையத்தளங்களில் நுழைந்துகொண்டுதான் இருக்கிறது. இணையத்தளம் அமைக்கும் ஒவ்வொரு புதிய இளைஞரும் "கூட்டிப் பார்த்துத் தொகையை அனுப்பினால் சரி" என்றே முதலில் நினைக்கிறார்.

முத்திரை என்பது என்ன?

இதைத் தடுப்பதற்காகக் கேட்வே நிறுவனங்கள் முத்திரை முறை ஒன்றை ஏற்படுத்தின. இதைக் கணினித் துறையில் ஹேஷ் என்பார்கள். நமது நாட்டில் பலரும் பயன்படுத்தும் பேஹியர் சேவையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அங்கே ஒவ்வொரு கடைக்கும் ஓர் இரகசியச் சொல் வழங்கப்படுகிறது. அது கடைக்கும் பேஹியருக்கும் மாத்திரமே தெரிந்தது. வர்த்தகர் இலக்கம், ஓர்டர் இலக்கம், தொகை, நாணயம் ஆகிய நான்கையும் வரிசையாகச் சேர்த்து, கடைசியில் அந்த இரகசியச் சொல்லிலிருந்து பெறப்பட்ட குறியையும் சேர்க்க வேண்டும். பிறகு எம்டி5 என்ற கணக்கு முறையில் போட்டால் 32 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு குறி வரும். அதுவே முத்திரை. துண்டோடு அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பேஹியர் தன்னிடமுள்ள இரகசியச் சொல்லைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் மாத்திரமே ஏற்றுக்கொள்ளும்.

வழியில் யாராவது தொகையில் ஒரு சதத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. 100 டொலர் என்பதை 100 ரூபா என்று நாணயத்தை மாத்திரம் மாற்றினாலும் பொருந்தாது. புதிய முத்திரை செய்வதற்கு இரகசியச் சொல் வேண்டும். அது வாடிக்கையாளரிடம் இல்லை. வேறு கேட்வேக்களில் கணக்கு முறையின் பெயரும் சேர்க்கும் வரிசையும் மாறலாம். அடிப்படை ஒன்றுதான்.

அப்படியானால் மருதமுனையில் நடந்தது எப்படி?

அங்கேயும் முத்திரை இருந்தது. இரகசியச் சொல்லும் பாதுகாப்பாகச் செர்வரில்தான் இருந்தது. ஆனால் கூட்டல் கணக்கு வாடிக்கையாளரின் பிரவுசரில் நடந்தது. பிரவுசர் மொத்தத் தொகையைக் கணக்கிட்டு, "இந்தத் தொகைக்கு முத்திரை குத்தித் தா" என்று கடையின் செர்வரிடம் கேட்டது. செர்வர் அந்தத் தொகை சரியா என்று பாராமல் முத்திரை குத்திக் கொடுத்தது. வந்தவர் செய்தது இவ்வளவுதான்: முத்திரை குத்திய பிறகு தொகையை மாற்றவில்லை, குத்துவதற்கு முன்னரே மாற்றிவிட்டார். 272.50 என்ற தொகைக்குக் கடையின் சொந்த முத்திரையே விழுந்தது. கேட்வே பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

வாசிக்காமல் கையெழுத்துப் போடும் முதலாளியின் நிலைமைதான் இது. கையெழுத்து உண்மையானது. ஆனால் தாளில் எழுதியவர் வேறு ஆள். முத்திரை, தொகை வழியில் மாறவில்லை என்பதற்கு மாத்திரமே சாட்சி. தொகை சரியானது என்பதற்கு அது சாட்சியல்ல. தொகை சரியானதா என்பதைக் கடைதான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான இன்னொரு பிழையும் உண்டு. சிலர் முத்திரைக் கணக்கையே பிரவுசரில் ஓடும் கோடில் எழுதிவிடுகிறார்கள். அப்போது இரகசியச் சொல் பக்கத்தைத் திறக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது கடைச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போவதற்குச் சமம். உங்கள் தளத்தில் இப்படி இருந்தால் கோடைத் திருத்துவது மட்டும் போதாது. இரகசியச் சொல்லையும் உடனடியாக மாற்ற வேண்டும்.

சரியான வழி

வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து வரவேண்டியவை இரண்டுதான்: எந்தப் பொருள், எத்தனை. விலை அங்கிருந்து வரவே கூடாது. வந்தாலும் அதை எடுக்கக் கூடாது. பொருளின் குறியீட்டை வைத்து, செர்வர் தனது விலைப் பட்டியலில் விலையைத் தேடி எடுக்க வேண்டும். கழிவு உண்டா, அந்தக் கழிவு இன்னும் செல்லுபடியாகுமா, கூரியர் கட்டணம் எவ்வளவு என்பவற்றையும் செர்வரே பார்த்து மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். அந்தத் தொகையை ஓர்டர் இலக்கத்துடன் தனது பதிவேட்டில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே அந்தத் தொகைக்கு முத்திரை குத்திப் பொத்தானுக்குக் கொடுக்க வேண்டும்.

எத்தனை என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. எண்ணிக்கை ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட முழு எண்ணாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காத கடைகளில் ஒரு தந்திரம் செய்வார்கள். 8,500 ரூபா சாரி ஒன்றையும், 2,400 ரூபா சாரனில் "கழித்தல் மூன்று" என்ற எண்ணிக்கையையும் கூடையில் போடுவார்கள். 8,500இலிருந்து 7,200 கழிந்து மொத்தம் 1,300 ரூபா என்று வரும். விலைப் பட்டியல் சரி, கூட்டலும் சரி. ஆனால் சாரி 1,300 ரூபாவுக்குப் போய்விடும்.

இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. சில கேட்வேக்களில் செர்வரே நேரடியாகக் கேட்வேயுடன் தொடர்புகொண்டு, "இன்ன ஓர்டருக்கு இவ்வளவு தொகை" என்று முன்கூட்டியே பதிவு செய்யும். கேட்வே அதற்கு ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். பொத்தான் வாடிக்கையாளரின் கையினூடாகக் கொண்டு போவது அந்த இலக்கத்தை மாத்திரமே. தொகை அவரது கைக்குப் போவதே இல்லை, எனவே மாற்றுவதற்கும் எதுவும் இல்லை. உங்கள் கேட்வேயில் இவ்வசதி இருந்தால் அதையே தெரிவு செய்வது நல்லது. ஆனால் இங்கேயும் செர்வர் பதிவு செய்யும் தொகை பிரவுசர் சொன்ன தொகையாக இருந்தால், பழைய கதைதான்.

பணம் வந்த பிறகு பார்க்க வேண்டியவை

அனுப்பும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும், பணம் வந்த பின்னரும் சரிபார்க்க வேண்டும். மருதமுனைச் சகோதரரின் தளத்தில் இந்த இரண்டாவது சரிபார்ப்பு இருந்திருந்தால் முதல் பார்சலே போயிருக்காது.

பணம் செலுத்தி முடித்ததும் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. ஒன்று, வாடிக்கையாளர் நமது தளத்தின் "நன்றி" பக்கத்துக்குத் திரும்பி வருகிறார். மற்றது, கேட்வேயின் செர்வர் நமது செர்வருக்குத் தனியாக ஓர் அறிவித்தல் அனுப்புகிறது. பலர் முதலாவதை நம்பி ஓர்டரை உறுதி செய்துவிடுகிறார்கள். இது தவறு. நன்றிப் பக்கத்தின் முகவரியைப் பணம் செலுத்தாத ஒருவரும் தனது பிரவுசரில் எழுதித் திறக்கலாம். நம்ப வேண்டியது செர்வருக்கு வரும் அறிவித்தலை மாத்திரமே. அதையும் பின்வரும் ஐந்தையும் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

முதலாவது, அறிவித்தலிலுள்ள முத்திரை. அது கேட்வேயிடமிருந்துதான் வந்ததா என்று அதே முறையில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பேஹியரில் இந்த முத்திரைக்குள் கொடுப்பனவின் நிலையைக் காட்டும் இலக்கமும் அடங்கும்.

இரண்டாவது, நிலை. பேஹியரில் 2 என்றால் வெற்றி. 0 என்றால் நிலுவையில் உள்ளது. கழித்தல் 1 இரத்து, கழித்தல் 2 தோல்வி, கழித்தல் 3 என்றால் அட்டைக்காரர் வங்கியூடாகப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று பொருள்.

மூன்றாவது, தொகை. அறிவித்தலிலுள்ள தொகையும் நமது பதிவேட்டில் அந்த ஓர்டருக்கு எழுதிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது, நாணயம். இதுவும் பதிவேட்டில் உள்ளதாகவே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, அந்த ஓர்டர் ஏற்கனவே உறுதி செய்யப்பட்டதா என்பது. ஒரே அறிவித்தல் இரண்டு தடவை வந்து சேரலாம். அதற்காக இரண்டு பார்சல் அனுப்பிவிடக் கூடாது.

இவற்றில் ஒன்று பிழைத்தாலும் ஓர்டரைத் தானாக உறுதி செய்யாமல், கடைக்காரரின் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

திருடன் இல்லாமலும் வரும் பிழைகள்

எல்லாத் தொகைப் பிரச்சினைக்கும் மோசடியே காரணம் என்று சொல்ல முடியாது. தொகையை எழுதும் முறையிலும் பிழைகள் வரும். நாம் தாளில் 27,250.00 என்று காற்புள்ளி போட்டு எழுதுகிறோம். முத்திரைக் கணக்கில் காற்புள்ளி கூடாது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். 27250.00 என்பதே சரி. முத்திரையில் ஒரு விதமாகவும் துண்டில் வேறு விதமாகவும் எழுதினால் கேட்வே நிராகரித்துவிடும். வாடிக்கையாளர் "கடை வேலை செய்யவில்லை" என்று நினைத்துப் போய்விடுவார்.

கழிவுக் கணக்கும் இப்படித்தான். 1,999 ரூபாவுக்கு 12.5 வீதக் கழிவு கொடுத்தால் மீதி 1,749 ரூபா 12.5 சதம். ஓரிடத்தில் 12 சதம் என்றும் மற்றோரிடத்தில் 13 சதம் என்றும் முடித்தால் ஒரு சத வித்தியாசத்தில் சரிபார்ப்புத் தவறிவிடும். ஆகவே தொகையை ஒரே இடத்தில், ஒரே தடவை கணக்கிட்டு, பதிவேட்டில் சதக் கணக்கில் முழு எண்ணாக எழுதி வைப்பது சிறந்தது.

இன்னொன்று, வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மற்றொரு பக்கத்தில் கூடைக்குள் இன்னும் இரண்டு பொருட்களைச் சேர்க்கலாம். பழைய தொகைக்குப் பணம் வரும், புதிய கூடைக்குப் பொருள் போகும். இதைத் தடுக்க, பொத்தானை அழுத்தியதும் அந்த ஓர்டரின் பொருட்களையும் தொகையையும் பூட்டிவிட வேண்டும். கூடை மாறினால் புதிய ஓர்டர் இலக்கம் கொடுக்க வேண்டும்.

நன்கொடையும் உழ்ஹிய்யாவும்

நமது பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் இப்போது ஒன்லைனில் ஸகாத், ஸதகா என்பவற்றைப் பெறுகின்றன. இங்கே தொகையைத் தீர்மானிப்பவர் கொடுப்பவரே. ஸகாத் இரண்டரை வீதம் என்று கணக்குப் பார்த்து அவர் எழுதும் தொகையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எனவே விலைப் பட்டியல் இல்லை. அதற்காகச் சரிபார்ப்பே வேண்டாம் என்று ஆகாது. கழித்தல் எண், எழுத்து, மூன்று தசம இலக்கங்கள் என்பவற்றை நிராகரிக்க வேண்டும். 5,000 எழுத வந்தவர் ஒரு பூச்சியம் கூடுதலாகத் தட்டிவிடலாம். ஆகவே "நீங்கள் 50,000 ரூபா வழங்கப் போகிறீர்கள், சரிதானா?" என்று ஒரு தடவை கேட்பது நல்லது. ஸகாத்தா, ஸதகாவா என்ற நோக்கத்தையும் தொகையுடன் சேர்த்தே பதிய வேண்டும். இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பங்கிடும்போது பொறுப்பாளர்கள் சிரமப்படுவார்கள்.

குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் வைக்க வேண்டும். களவாடிய அட்டை இலக்கங்கள் வேலை செய்கின்றனவா என்று பரீட்சித்துப் பார்க்கத் திருடர்கள் தேடுவது, எவ்வளவு சிறிய தொகையையும் ஏற்கும் நன்கொடைப் பக்கங்களைத்தான். 10 ரூபா, 20 ரூபா என்று வெவ்வேறு அட்டைகளிலிருந்து அடுத்தடுத்து வந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். உடனே கேட்வேக்கு அறிவியுங்கள். அட்டையின் உண்மையான சொந்தக்காரர் முறையிட்டால் அந்தப் பணம் திரும்பிப் போகும், அலைச்சல் நமக்கே மிஞ்சும்.

உழ்ஹிய்யாப் பங்கு இதற்கு மாறானது. மாட்டில் ஏழு பங்குகள். பங்கின் விலை நாம் தீர்மானித்தது. எனவே அது கடை விற்பனை போன்றதே. வருபவர் பங்கின் எண்ணிக்கையை மட்டும் சொல்ல, தொகையைச் செர்வர் கணக்கிட வேண்டும். கடைசிப் பங்குக்கு இருவர் ஒரே நேரத்தில் பணம் செலுத்திவிடாதபடி, பொத்தானை அழுத்தியதும் அந்தப் பங்கைச் சில நிமிடங்களுக்கு ஒதுக்கி வைக்கவும் வேண்டும். எட்டாவது பங்காளிக்கு நாம் என்ன பதில் சொல்வது?

கடையில் உள்ள கியூஆர் அட்டைக்கும் இதே பாடம்

இணையத்தளம் இல்லாத கடைக்காரர்களும் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இலங்கையில் 2018இல் அறிமுகமான லங்கா கியூஆர் முறையில் இரண்டு வகைகள் இருக்கின்றன. மேசையில் ஒட்டி வைக்கும் அட்டை நிலையானது. அதில் கடையின் விபரம் மட்டுமே இருக்கும். தொகையை வாடிக்கையாளரே தனது போனில் எழுதுகிறார். மற்றது ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாகத் தோன்றும் குறியீடு. அதில் தொகையும் அடங்கியிருக்கும்.

மேசை அட்டையைப் பயன்படுத்துபவர்கள் வாடிக்கையாளர் காட்டும் போன் திரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. 1,850 ரூபா பில்லுக்கு 185 ரூபா அனுப்பியிருக்கலாம், அது கைதவறியதாகவும் இருக்கலாம். பழைய ஸ்கிரீன் ஷொட்டாகவும் இருக்கலாம். உங்கள் போனுக்கு உங்கள் வங்கி அனுப்பும் செய்தியில் உள்ள தொகையே சாட்சி. ஒன்லைன் கடையில் நன்றிப் பக்கத்தை நம்பாமல் கேட்வேயின் அறிவித்தலைப் பார்ப்பதும் இதுவும் ஒரே சட்டந்தான்.

இணையத்தளம் அமைப்பவரிடம் கேளுங்கள்

கோட் எழுதத் தெரியாவிட்டாலும் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். உங்கள் தளத்தை அமைப்பவர் மருமகனாக இருந்தாலும் பெரிய கம்பனியாக இருந்தாலும் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

மொத்தத் தொகையைக் கணக்கிடுவது பிரவுசரா, செர்வரா?

முத்திரை குத்துவதற்கு முன் அந்தத் தொகை எங்கிருந்து எடுக்கப்படுகிறது?

இரகசியச் சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

பணம் வந்ததும் பதிவேட்டுத் தொகையோடு ஒப்பிடப்படுகிறதா?

ஒப்பிட்டு ஒத்துவராவிட்டால் எனக்கு எப்படித் தெரியவரும்?

பிறகு, பரீட்சைக்கென்று கேட்வேக்கள் தரும் சேன்ட்பொக்ஸ் வசதியில், உங்கள் முன்னிலையிலேயே தொகையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உண்மையான பணம் கைமாறாது. மாற்றிய ஓர்டர் நிராகரிக்கப்பட வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் கடையைத் திறக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இந்தப் பரீட்சையைச் சொந்தக் கடையில் மாத்திரமே செய்ய வேண்டும். பிறர் தளத்தில் அனுமதியின்றிக் கை வைப்பது வேறு விடயம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருப்பதை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, வாரத்துக்கு ஒரு தடவையாவது வங்கிக்கு வந்த பணத்தையும் ஓர்டர் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருதமுனைச் சகோதரர் மாத முடிவு வரை காத்திருந்ததால் மூன்று பார்சல்கள் போயின. வாரந்தோறும் பார்த்திருந்தால் முதல் பார்சலோடு நின்றிருக்கலாம்.

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். அது ஸூரா அல்பகறாவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், நீதமாக எழுதுவது பற்றியும், சாட்சி வைப்பது பற்றியும் அது பேசுகிறது. சந்தேகம் வராமலிருக்கவும் இரு தரப்பினரும் பாதுகாக்கப்படவுமே எழுத்து. செர்வரில் ஓர்டர் இலக்கத்தோடு தொகையை எழுதி வைத்து, பணம் வந்ததும் அதோடு ஒப்பிடுவது இந்த ஒழுங்குக்கு அந்நியமானதல்ல. நாட்டின் சட்டமும் இதற்குத் துணையாக இருக்கிறது. இலத்திரனியல் வடிவில் இருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாதபடி 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது.

இது கடைக்காரரைக் காப்பதற்கு மட்டுமானதல்ல. பக்கத்தில் காட்டிய விலை ஒன்றாகவும் அட்டையில் அறவிட்டது வேறாகவும் இருந்தால், அது கோடிலுள்ள பிழையாக இருந்தாலும் நாம் பொறுப்பாளிகள். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே ஒரு ஸூரா இறங்கியிருக்கிறது. தராசின் தட்டு இன்று கணினிக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். கூடுதலாக எடுபட்டிருந்தால் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் திருப்பிக் கொடுப்பதே முஸ்லிம் வர்த்தகருக்கு அழகு. அதற்கும் பதிவேட்டுத் தொகையும் வந்த தொகையும் ஒப்பிடப்பட வேண்டும். ஒரே சரிபார்ப்பு இரு பக்கத்துக்கும் நீதி செய்கிறது.

மருதமுனைச் சகோதரரின் மருமகன் ஒரு கிழமைக்குள் கோடைத் திருத்திவிட்டார். இப்போது கூட்டல் செர்வரில் நடக்கிறது, ஒத்துவராத ஓர்டர் வந்தால் மாமாவின் போனுக்குச் செய்தி போகிறது. "விலையை நான் எழுதாம வாங்க வந்தவரிட்ட விட்டிருக்கன் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது" என்றார் அந்தச் சகோதரர். போன பொருள் போனதுதான். அவர் கொடுத்த விலையில் மற்றவர்கள் இலவசமாகப் பாடம் படித்துக்கொள்ளட்டும். விலையைப் பேசித் தீர்மானிக்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் பேனா மட்டும் கடைக்காரரின் கையிலேயே இருக்க வேண்டும்.